கதிர்ச்சிகிச்சை பெறுவோரின் தோலைப் பேணுவோம்



வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் பகுதிகளிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் பல, 1990இலும் பின்னர் 2006, 2007 ஆண்டுகளிலும் வீட்டையும் வட்டையையும் விட்டு எழும்பியவை. ஒரு போகத்தை இழந்தவர் மறு போகம் வரும்வரை எப்படித் தாங்குகிறார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்து, பல வாரங்கள் கதிர்ச்சிகிச்சை பெற வேண்டும் என்று வைத்தியர் கூறும்போது முழுக் குடும்பமும் தளர்ந்துபோகின்றது. சிகிச்சை பாதி வழியில் இருக்கும்போது தோல் கறுத்து உரியத் தொடங்கினால், "எரிச்சுப் போட்டாங்கள், இனிப் போக வேண்டாம்" என்று உறவினரே தடுக்கும் நிலையும் உண்டாகின்றது.

இந்தப் பாடம் அந்தத் தோலைப் பற்றியது. தோலில் ஏன் மாற்றம் வருகிறது, அதனை வீட்டில் எவ்வாறு பேணுவது, எப்போது வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏன் சிகிச்சையை இடையில் நிறுத்தக் கூடாது என்பவற்றை இங்கு படிப்போம். குடும்பமாகவோ சங்கக் கூட்டத்திலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

1. கதிர்ச்சிகிச்சை என்றால் என்ன?

எமது பகுதியில் பலர் இதனைக் "கறண்ட் பிடித்தல்" என்று சொல்கிறார்கள். பெயரே பயத்தை உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் உடம்பினுள் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. எக்ஸ்ரே கதிரைப் போன்ற, ஆனால் அதைவிட வலுக்கூடிய கதிர்கள் நோயுள்ள இடத்தை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. நோயாளர் மேசையில் அசையாமல் படுத்திருப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்நேரத்தில் நோவோ சூடோ தெரியாது.

வழமையாக வாரத்தில் 5 நாட்கள் சிகிச்சை நடைபெறும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 6 முதல் 7 வாரங்கள் வரை செல்லலாம். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையின் பின் 3 வாரங்களில் முடிக்கும் முறையும் இன்று பரவலாக உள்ளது. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்புப் புற்றுநோயும் முன்னிலையில் இருப்பதால், கழுத்திலும் மார்பிலும் கதிர் பெறுவோரை நாம் அதிகம் காண்கிறோம்.

முன்னொரு காலத்தில் இதற்காக மகரகமைக்குப் போய்த் தங்க வேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் வடக்கே தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே நீக்கிவிடுவோம். வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் பெற்றவரின் உடம்பில் கதிர் தங்கியிருப்பதில்லை. அவர் பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம், ஒரே பாத்திரத்தில் உண்ணலாம். புற்றுநோய் தொற்றும் நோயும் அல்ல.

2. தோல் ஏன் பாதிக்கப்படுகிறது?

கதிர்கள் தோலில் மாற்றம் செய்யும் என்பது ஆரம்பத்திலேயே அறியப்பட்டது. 1901இல் பிரெஞ்சு விஞ்ஞானி அன்ரி பெக்கரல் ரேடியம் அடங்கிய சிறு குழாயொன்றைத் தமது சட்டைப் பையில் வைத்திருந்தார். பல நாட்கள் சென்ற பின்பே அந்த இடத்துத் தோல் சிவந்து புண்ணானது. இதனை ஆராய விரும்பிய பியர் கியூரி தமது கையிலேயே ரேடியத்தை வைத்துச் சோதித்தார். ரேடியத்தால் புற்றுநோயைத் தாக்கலாம் என்ற எண்ணம் வளர்வதற்கு இவ்வனுபவங்களும் உதவின.

நெருப்புச் சுட்டால் அந்த நிமிடமே தெரியும். கதிரின் விளைவு ஏன் பிந்தித் தோன்றுகிறது? மிளகாய் நாற்றுமேடையை எண்ணிப் பாருங்கள். மேடையில் உள்ள நாற்றுகள் பழுதானால், ஏற்கெனவே தோட்டத்தில் நிற்கும் செடிகள் அன்றே வாடுவதில்லை. நின்ற செடிகள் முடிந்து புதியதை நடப்போகும்போதுதான் நாற்று இல்லை என்பது தெரியவரும். எமது மேற்தோலும் அப்படியே. அதன் அடிப்படையில் உள்ள கலங்கள் ஓயாமல் பெருகி மேலே வந்து, ஏறக்குறைய 4 வாரங்களில் பழைய தோலின் இடத்தை நிரப்புகின்றன. கதிர் இந்த அடிக்கலங்களின் பெருக்கத்தைக் குறைக்கிறது. மேலே உள்ள தோல் வழமைபோல் உதிர, கீழிருந்து போதிய புதுத் தோல் வருவதில்லை. ஆகவே தோல் மெலிந்து, வறண்டு, உரிகிறது. சிகிச்சை முடிந்த பின் எஞ்சிய கலங்கள் பெருகி மறுபடியும் தோலை நிரப்பிவிடும்.

பழைய எக்ஸ்ரே இயந்திரங்களில் கதிரின் முழு வலுவும் தோலின் மீதே விழுந்தது. 1951இல் கனடாவில் கோபால்ற்று 60 இயந்திரம் சிகிச்சைக்கு வந்தபின், கதிரின் உச்ச வலு தோலுக்குக் கீழே சுமார் அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விழச் செய்ய முடிந்தது. லீனியர் அக்சிலரேற்றர் எனும் இயந்திரத்தில் அது இன்னும் ஆழத்திற்குச் செல்கிறது. எனவே முந்திய தலைமுறையினர் கண்ட கடுமையான புண்கள் இன்று குறைவு. ஆயினும் கழுத்து, கமக்கட்டு, மார்பின் கீழ்மடிப்பு, தொடை இடுக்கு போன்ற இடங்களில் மடிப்பும் வியர்வையும் உரசலும் சேர்வதால் பாதிப்புக் கூடுகிறது.

3. எப்போது என்ன தோன்றும்?

முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 2ஆம், 3ஆம் வாரங்களில் தோல் சூடாக, இறுக்கமாக, சொறிவாக இருக்கும். வெள்ளைத் தோலுடையோருக்குச் சிவக்கும் என்று புத்தகங்கள் கூறும். எம்மவரின் தோலில் அந்தச் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. கருமை படர்வதே தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல், சூட்டையும் சொறிவையும் நோவையும் கவனிக்க வேண்டும். கறுத்துவிட்டதால் தோல் கருகிச் செத்துவிட்டது என்று எண்ணவும் வேண்டாம்.

அதன்பின் பொடிப்பொடியாகத் தோல் உரியலாம். சிலருக்கு மடிப்புள்ள இடங்களில் தோல் கழன்று நீர் கசியலாம். ஆழமான புண்ணாவது அரிது.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். கடைசி நாள் சிகிச்சை முடிந்தவுடன் தோல் ஆறத் தொடங்குவதில்லை. முடிந்த பின்னரும் 1 முதல் 2 வாரங்கள் வரை நிலைமை கூடிச் சென்று, அதன் பிறகே தணியும். பெரும்பாலானோருக்கு முடிந்து 4 வாரங்கள் அளவில் ஆறிவிடும். இதை அறியாதவர்கள் வீட்டுக்கு வந்தபின் புண் கூடுவதைக் கண்டு கலங்குகிறார்கள்.

4. நாளாந்தப் பராமரிப்பு

கழுவுதல்: கதிர் பட்ட இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்று முன்னர் நோயாளருக்குச் சொல்லப்பட்டது. இன்றும் ஊரில் அப்படிச் சொல்வோர் உண்டு. 1992இல் பிரித்தானியாவிலும் 2001இல் கனடாவிலும் வெளியான ஆய்வுகள் இதனைப் பரிசோதித்தன. மென்மையாகக் கழுவியவர்களின் தோல் கழுவாதவர்களின் தோலைவிட மோசமாகவில்லை என்று அவை காட்டின. ஆகவே நாளுக்கு ஒரு முறை, இளஞ்சூடான அல்லது சாதாரண சுத்தமான நீரால் கழுவுங்கள். குழந்தைகளுக்குப் பாவிக்கும் வாசனை குறைந்த சவர்க்காரத்தைக் கையில் நுரைத்துப் பூசலாம். தும்பு, பீர்க்கு, கல் கொண்டு தேய்க்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

அடையாளங்கள்: கதிர் செலுத்தும் இடத்தைக் குறிக்கத் தோலில் இடப்பட்ட கோடுகளையும் புள்ளிகளையும் அழிக்கக் கூடாது. அழிந்துபோனால் நீங்களாக வரையாமல் சிகிச்சைப் பிரிவில் சொல்லுங்கள்.

ஈரப்பதம்: வைத்தியர் அல்லது தாதி கூறும் வாசனையற்ற கிறீமை நாளுக்கு 2 முறை மெல்லியதாகப் பூசலாம். சிகிச்சைக்குச் சற்று முன்பு தடிப்பாகப் பூச வேண்டாம். சொறிவு கூடியவர்களுக்கு ஸ்ரீரொய்ட் கலந்த கிறீமை வைத்தியர் எழுதித் தருவதுண்டு. அதனைச் சீட்டின்றி வாங்கிப் பூசவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது.

உடை: தளர்வான, பழகி மென்மையான பருத்தி உடையே நல்லது. மார்பில் கதிர் பெறும் தாய்மார் இறுக்கமான சட்டையையும் உள்ளாடைப் பட்டியையும் தவிர்த்து, பழைய பருத்திச் சேட் ஒன்றை அணியலாம். தையல் விளிம்பு உரசினால் உள்வெளியாகத் திருப்பி அணியுங்கள். கழுத்தில் கதிர் பெறுவோர் சங்கிலி, கொலர் உள்ள சேட் என்பவற்றை விட்டுவிடுங்கள். துணி தோய்த்தபின் சவர்க்காரம் முற்றாகப் போகும்வரை அலசுங்கள்.

சவரம்: கழுத்து, முகத்தில் கதிர் பெறும் ஆண்கள் பிளேட்டால் வழிக்கக் கூடாது. தாடி வளர்வதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம்.

உணவு: புதுத் தோல் வளரப் புரதம் தேவை. மீன், முட்டை, பருப்பு, கௌபி, பால் இவற்றில் கிடைப்பதைக் கொடுங்கள். "கிரந்தி" என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிடும் வழக்கம் எம்மிடம் உண்டு. இந்தப் புண் உணவினால் வந்தது அல்ல. பத்தியம் காத்து உடம்பு மெலிந்தால் புண் ஆறப் பிந்தும். நீரிழிவு உள்ளவர்கள் தமது மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும். புகைத்தலும் வெற்றிலையோடு புகையிலை போடுவதும் முற்றாக நிற்க வேண்டும்.

5. தோலில் பூசக்கூடாதவை

அன்பினால் அயலவர் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பின்வருவனவற்றைக் கதிர் படும் இடத்தில் பூச வேண்டாம்: தலைவலித் தைலம், பாம் வகைகள், பற்பசை, சுண்ணாம்பு, முகப்பவுடர், வாசனைத் தைலம், பச்சிலைச் சாறு, சாம்பல், திருநீறு, நெய். அம்மியில் அரைத்த மஞ்சள் அடையாளக் கோடுகளை மறைப்பதோடு, உரிந்த தோலில் கிருமியையும் சேர்க்கும். கற்றாழைச் சாறு குளிர்ச்சி தரும் என்று பலர் நம்பினாலும், ஆய்வுகளில் அது கதிர்ப்புண்ணைத் தடுத்ததாக உறுதியாகவில்லை. முன்னர் பூசப்பட்ட ஊதா நிற மருந்து தோலை வறட்டி வெடிக்கச் செய்வதால் இப்போது கைவிடப்பட்டுள்ளது.

ஐஸ் கட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல், ஒத்தடம் எதுவும் வேண்டாம். ஒட்டும் பிளாஸ்ரர் போட வேண்டாம். கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் காலத்தில் அதுவே நல்ல மருந்து. இன்று நாம் அவனிடமிருந்து எடுக்க வேண்டியது அவன் வார்த்த எண்ணெயை அல்ல. அவன் நின்று பார்த்ததையும், சுமந்து சென்றதையும், செலவை ஏற்றதையும்.

6. வட்டையிலும் வீட்டிலும்

விவசாயி ஒருவருக்குப் புத்தகங்கள் சொல்லாத சில ஆபத்துகள் உண்டு.

கிருமிநாசினி, களைநாசினி தெளிக்கும் வேலையைச் சிகிச்சைக் காலத்திலும் தோல் முற்றாக ஆறும்வரையும் வேறொருவர் செய்யட்டும். தோளில் தாங்கியின் பட்டி உரசும். உரிந்த தோலின் வழியாக நஞ்சு இலகுவில் உடம்பினுள் செல்லும். யூரியா எறிதலும் வேண்டாம்.

வேளாண்மை வெட்டு, சூடடிப்பு, நெல் தூற்றல் நடக்கும் இடத்தில் சுணை பறக்கும். அது பட்டால் சொறிய வேண்டிவரும். சொறிந்தால் தோல் கிழியும்.

வெயில் கதிர் பட்ட தோலுக்குப் பகை. வெளியே செல்லும்போது பருத்தித் துணியால் மூடுங்கள், குடை பிடியுங்கள். ஆறிய பின்னரும் குறைந்தது ஒரு வருடமாவது இந்தக் கவனம் தேவை. அந்த இடம் பின்னரும் வெயிலுக்கு மென்மையாகவே இருக்கும்.

தகரக் கொட்டிலில் வாழ்பவர்கள் மத்தியானத்தில் நோயாளரை மர நிழலில் இருத்துங்கள். கூரைமேல் கிடுகு பரப்பினால் சூடு தணியும். விறகு அடுப்பின் முன் நெடுநேரம் இருக்கும் வேலையை வேறொருவர் ஏற்கட்டும். தண்ணீர்க் குடத்தைக் கதிர் பட்ட பக்கத்து இடுப்பிலோ தோளிலோ சுமக்க வேண்டாம்.

வாவியிலும் குளத்திலும் வாய்க்காலிலும் குளிக்க வேண்டாம். தோல் உரிந்திருந்தால் கிணற்று நீரையும் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே அந்த இடத்திற்குப் பாவியுங்கள். நுளம்புக்குக் களிம்பு பூசாமல் வலை கட்டுங்கள்.

7. தோல் கழன்று நீர் கசிந்தால்

இது நடந்தால் அன்றே சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். மறைக்க வேண்டாம். மார்பு, இடுப்பு, பிறப்புறுப்புப் பகுதி என்பதால் சில தாய்மார் வெட்கத்தினால் சொல்லாமல் விடுகிறார்கள். தாதியர் இதனைத் தினமும் காண்பவர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இது. ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர், கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கையைச் சவர்க்காரத்தால் கழுவியபின், அந்நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நாளுக்கு நாள் புதிதாகத் தயாரியுங்கள். பின்பு வைத்தியசாலையில் தந்த, ஒட்டாத கட்டுத்துணியை அவர்கள் காட்டியபடி வையுங்கள். பஞ்சு வைக்க வேண்டாம். இழைகள் புண்ணில் ஒட்டும். கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் உப்புநீரில் நனைத்து எடுங்கள். கொப்புளத்தைக் குத்த வேண்டாம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் பெறுவோர், சிறுநீர், மலம் கழித்தபின் நீரால் மெதுவாகக் கழுவி ஒற்றி உலர்த்தி, தளர்ந்த பாவாடையுடன் காற்றுப்படப் படுத்திருப்பது நன்று.

8. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல், சீழ் அல்லது கெட்ட மணம், கதிர் படும் இடத்தையும் தாண்டிப் பரவும் வீக்கமும் நோவும், இரத்தம் கசிதல், நித்திரை கொள்ள முடியாத நோவு. கதிரோடு சேலைன் வழியாகவும் புற்றுநோய் மருந்து ஏற்றப்படுபவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நோவுக்கு மருந்து கேட்பது பலவீனம் அல்ல. நோவு தணிந்தால்தான் அவர் உண்பார், உறங்குவார், மறுநாள் சிகிச்சைக்கு எழும்புவார்.

9. இடையில் நிறுத்தலாமா?

இதுவே இந்தப் பாடத்தின் நடுவான விடயம். கதிர் நின்றுபோகும் நாட்களில் நல்ல கலங்கள் மட்டுமல்ல, எஞ்சிய புற்றுநோய்க் கலங்களும் பெருகுகின்றன. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், அந்த இடத்தில் நோயை அடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 1 வீதம் குறைகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் முழுச் சிகிச்சையும் 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது வைத்தியர்களின் நியமம். களை பாதி பிடுங்கிய வயலை இரண்டு கிழமை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தோல் தாங்க முடியாத நிலையில் சில நாட்கள் ஓய்வு தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். வீட்டில் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. தோல் ஆறிவிடும், தவறிய சிகிச்சை எளிதில் திரும்பி வராது. மாரி வெள்ளத்தால் பாதை மூடி ஒரு நாள் தவறினால், உடனே சிகிச்சைப் பிரிவுக்கு அறிவியுங்கள். ஈடுசெய்ய வழி இருக்கலாம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சிகிச்சை தொடங்குவதானால், படுவான்கரையிலுள்ளோர் பட்டணத்தில் உறவினர் வீடொன்றில் தங்க முன்கூட்டியே ஒழுங்கு செய்வது நல்லது.

10. அயலவரின் கடமை

யோபுவின் கதை பலருக்குத் தெரியும். உடம்பெல்லாம் புண்ணாகி அவர் சாம்பலில் உட்கார்ந்திருந்தார். நண்பர்கள் முதல் ஏழு நாட்களும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள், அது நன்மையாயிருந்தது. பின்னர் வாய் திறந்து, நீ செய்த பாவமே காரணம் என்று வாதாடினார்கள். அது புண்ணைவிடக் கொடியதாயிற்று. முன்வினை, செய்வினை, சாபம் என்று நாமும் பேசி ஒருவரின் மனத்தை உடைக்க வேண்டாம்.

5 முதல் 7 வாரங்கள் ஒருவர் தினமும் பஸ் ஏற வேண்டுமானால் அவரோடு இன்னொருவரும் போக வேண்டும். இருவரின் கூலி நிற்கும். விவசாய அமைப்பு அவர்களின் வயலுக்கு ஒரு நாள் கைமாற்று வேலை செய்யலாம். மாதர் சங்கம் சமைப்பதையும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதையும் முறைபோட்டு ஏற்கலாம். பங்கு மக்களும் கோயில் நிர்வாகமும் பஸ் செலவுக்கு ஒரு சிறு நிதி வைக்கலாம். நெரிசலான பஸ்ஸில் உரசாமல் இருக்க ஓர் ஆசனம் விட்டுக்கொடுப்பதும் மருந்துதான்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. கதிர்ச்சிகிச்சை பற்றி எமது கிராமத்தில் நிலவும் பயங்கள் எவை? அவற்றில் எவை தவறானவை?
2. தோல் கறுத்து உரிந்ததால் சிகிச்சையை நிறுத்த நினைக்கும் ஒருவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. உப்புநீர் தயாரிக்கும் முறையை ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் பார்க்கட்டும்.
4. இப்போது சிகிச்சை பெறும் குடும்பம் எமது கிராமத்தில் உண்டா? இந்த வாரம் அவர்களுக்காக எமது குழு செய்யக்கூடிய ஒரு காரியம் எது? யார், எந்த நாளில் செய்வார்?

நான்காம் வினாவுக்கான விடையைக் கூட்டக் குறிப்பில் பெயரும் நாளும் குறித்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை அதை வாசித்துத் தொடங்குங்கள்.